கோடு வரை நிரம்பிய அமிலப் பாட்டில்

அனுப்புநர்:
சு. மாயகிருஷ்ணன்,
கீழத்தெரு, சின்னமுத்தையநத்தம்,
புதூர் வழி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
கோவில்பட்டி.

பொருள்: பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வு – என் மகள் மா. இந்துஜா சோதனை மாதிரியில் சோப்பு நீர் கலந்ததாகக் குற்றச்சாட்டு – பள்ளி ஆய்வகத்தின் அமிலப் பாட்டிலை 21.03.2025 அன்று கொட்டுவதற்கு முன் பரிசோதிக்கவும், அவள் பெயரிலுள்ள மன்னிப்புக் கடிதத்தை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பள்ளித் தலைமையாசிரியையின் விளக்கம் கேட்கும் கடிதம், நாள் 27.02.2025.
2. என் மகள் எழுதியதாகக் கருதப்படும் கடிதம், நாள் 03.03.2025.
3. பள்ளியின் இறுதி அறிக்கை, நாள் 10.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் ஒன்பது ஏக்கர் கரிசலில் மானாவாரியாக உளுந்தும் பாசியும் விதைப்பவன். முப்பத்திரண்டு செம்மறிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். ஊர்ப்புற நூலகத்தில் கரையான் விட்டுவைத்த புத்தகங்களை எல்லாம் வாசித்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இம்மனுவை வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாகப் பிற்பாடு ஓர் அறிக்கை வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். அறிக்கைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை இந்த மூன்று வாரங்களில் ஓரளவு கற்றிருக்கிறேன்.

2. என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அப்பள்ளியில் ஆய்வகம் என்பது வெகுகாலம் ஒரு பூட்டாக இருந்தது. சரஸ்வதி பூஜைக்குத் திறந்து, பொருட்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் பூட்டிவிடுவார்கள். பிறகு செய்முறைத் தேர்வுக்குத்தான் திறப்பார்கள். நுண்ணோக்கியின் கண்ணாடியிலும் குங்குமம் வைத்திருந்ததால், சில ஆண்டுகள் எங்கள் பிள்ளைகள் பார்த்த வெங்காயத் தோல் முழுவதும் சிவப்பாக இருந்தது என்பார்கள்.

2022 ஜூலையில் அறிவியல் ஆசிரியர் திரு. ஹரிஹரசுதன் அவர்கள் வந்த பிறகு இந்நிலை மாறியது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வரவழைத்து, கைக்குக் கிடைத்ததை வைத்துச் சோதனைகள் செய்ய வைத்தார். காலித் தீப்பெட்டிக்குள் கரிசல் மண்ணை நனைத்து அடைத்து, அது காயக் காய எவ்வளவு சுருங்குகிறது என்று நூல் வைத்து அளந்தார்கள். மஞ்சள் தேய்த்த தாளைச் சுண்ணாம்பிலும் புளித்தண்ணீரிலும் தோய்த்தார்கள். ஒருநாள் என் கிடாவைக் கேட்டு வாங்கி, புனலையும் சைக்கிள் டியூபையும் அதன் நெஞ்சில் வைத்து இதயத்துடிப்பை எண்ணினார்கள். கிடா ஒத்துழைக்கவில்லை. மூன்று தடவை எண்ணி மூன்று விடை வந்தது. எதை எழுத என்று பிள்ளைகள் கேட்டபோது, மூன்றையும் எழுதச் சொன்னார்.

“நோட்ஸ்ல இருக்கது நோட்ஸ் போட்டவன் பாத்தது. நீங்க பாத்தத நீங்க எழுதுங்கலே” என்று அவர் சொன்னதைக் கிடாவைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். நான் அதை நம்பினேன். என் மகள் நம்பியதோடு நிற்கவில்லை, பின்பற்றவும் செய்தாள். இவ்வழக்கின் வேர் அங்கே இருக்கிறது.

3. 24.02.2025 அன்று நடந்த செய்முறைத் தேர்வில் ‘கொடுக்கப்பட்ட மாதிரி அமிலமா, காரமா எனக் கண்டறிக’ என்ற சோதனை அவளுக்கு வந்தது. தேர்வறையில் நான் இல்லை. மகள் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். மாதிரியை ஊற்றிக் கொடுத்த பாட்டிலில் ‘நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என்று லேபிள் ஒட்டியிருந்தது. கண்டுபிடிக்க வேண்டிய பொருளின் பெயரைப் பாட்டிலிலேயே ஒட்டி வைத்திருப்பது மாணவர் நலன் கருதி என்றே புரிந்துகொள்கிறேன்.

அவள் பினாப்தலீன் சொட்டினாள். அமிலமென்றால் நிறம் மாறக் கூடாது; மெலிதாக இளஞ்சிவப்பானது. மெத்தில் ஆரஞ்சு விட்டாள். சிவக்க வேண்டியது மஞ்சளாக நின்றது. சோடியம் கார்பனேட்டைப் போட்டாள். நுரைக்கவில்லை. மூன்றையும் கண்டபடி எழுதி, ‘மாதிரி காரத்தன்மை உடையது’ என்று முடித்தாள். அதே பாட்டிலிலிருந்து மாதிரி பெற்ற மற்ற பதினொரு பிள்ளைகளும் ‘நுரைத்துப் பொங்கியது, அமிலம்’ என்று எழுதினார்கள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அவர்கள் லேபிளைச் சோதித்தார்கள். லேபிள் சரியாக இருந்தது.

4. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அவள் தாளைப் பார்த்துவிட்டு, “பாட்டில்ல என்னம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

“அமிலம்னு எழுதியிருக்கு சார். உள்ள இருக்கது அது இல்ல.”

“ஓஹோ! பாட்டிலுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?”

அறையில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் மகள் அந்தச் சோதனைக் குழாயை அவரிடம் நீட்டி, “நீங்களே போட்டுப் பாருங்க சார்” என்றிருக்கிறாள். சிரிப்பு நின்றது அப்போதுதான் என்கிறாள். அவர் போட்டுப் பார்க்கவில்லை. தலைமையாசிரியை திருமதி செண்பகவல்லி அவர்களை அழைத்தார். மூன்று அடி தள்ளி ஹரிஹரசுதன் அவர்கள் நின்றிருந்தார். குழாயின் நிறம் மூன்றடிக்குத் தெரியக்கூடியது.

5. மூன்றாம் நாள், மாதிரியில் வேறு பொருளைக் கலந்து தேர்வைக் கேலிக்குள்ளாக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டுப் பார்வை 1-இல் கண்ட கடிதம் வந்தது. உடன் ஹரிஹரசுதன் அவர்களின் எழுத்துப்பூர்வமான வாக்குமூலமும் இணைக்கப்பட்டிருந்தது. அதன் முக்கியப் பகுதி:

‘இம்மாணவி தொடக்கம் முதலே எதிர்பாராத முடிவுகளை எழுதும் இயல்புடையவர். தேர்வன்று மாதிரியில் சோப்பு நீர் போன்ற ஏதேனும் கலந்திருக்கக் கூடும்.’

அந்த இயல்பை அவளுக்குள் யார் வளர்த்தார்கள் என்பது வாக்குமூலத்தில் இல்லை. ‘கூடும்’ என்ற சொல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். என் மகள் அதை இரண்டு முறை வாசித்தாள். “சார் கையெழுத்துதான்” என்றாள். சனிக்கிழமைச் சோதனை நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

6. பாட்டிலில் அமிலம் எப்படிக் காரமாயிற்று என்பதை, பள்ளியில் தொகுப்பூதியத்தில் ஆய்வக உதவியாளராக இருக்கும் திரு. இசக்கிபாண்டி அவர்கள் 01.03.2025 அன்று புதூர் டீக்கடையில் வைத்து எனக்குத் தெரிவித்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்:

“அண்ணாச்சி, 2017-ல அந்தப் பாட்டில் வந்தன்னிக்கு அப்ப இருந்த ஹெட்மாஸ்டர் நகப்பாலிஷ் வச்சி ஒரு கோடு போட்டாரு. இருப்பு இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குனா நீதான் பதில் சொல்லணும்னாரு. பிள்ளைய சோதனை செஞ்சா எறங்கத்தான செய்யும்? எறங்க எறங்க போர் பைப்புல பிடிச்சி ஊத்திருவேன். தணிக்கைக்கு வாரவிய கோடு வரைக்கும் இருக்கான்னுதான பாக்காவ. ஆசிட்டா தண்ணியான்னு யாரு நக்கிப் பாக்கா?”

ஐயா, இருப்புப் பதிவேட்டில் எட்டு ஆண்டுகளாக அந்த அமிலம் ஐந்நூறு மில்லி என்றே இருப்பதாக அவர் கூறினார். இறைத்தாலும் குறையாதவை இந்நாட்டில் இரண்டு: ஒன்று கடல், மற்றது எங்கள் பள்ளியின் அமிலம். இதில் இசக்கிபாண்டி அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கோட்டைக் காக்கச் சொன்னார்கள், காத்தார். அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க அண்ணாச்சி. எனக்கு வேலையே பெர்மனென்ட் இல்ல, பயம் மட்டும் என்ன பெர்மனென்டா?” என்றார்.

எங்கள் ஊர் போர் தண்ணீரைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பருப்பை வேக விடாது. சட்டியில் வெள்ளை ஏடு ஏடாகப் படியும். என் செம்மறிகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அந்த நீரை எட்டு ஆண்டுகள் சிறிது சிறிதாகக் குடித்த அமிலம், அமிலமாகவே இருந்திருந்தால்தான் விசாரணை நடத்த வேண்டும்.

இதை ஹரிஹரசுதன் அவர்கள் அறியாதவர் அல்லர். பரணிலிருந்து நோட்டை நானே எடுத்தேன். 10.08.2024, சனிக்கிழமை: ‘பள்ளி போர் தண்ணீர். மஞ்சள் தாள் சிவந்தது. காரம்.’ பக்கத்தில் சிவப்பு மையில், ‘சரி. நல்ல கவனிப்பு’ என்று எழுதி அவர் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

7. இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. சுருக்கமாக எழுத ஆசை; ஆனால் தங்களுக்கு முழுவதும் தெரிய வேண்டும்.

02.03.2025, ஞாயிற்றுக்கிழமை மாலை ஹரிஹரசுதன் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். என் மனைவி சொர்ணத்தாய் டீ கொடுத்தாள். மகள் உள்ளறையில் இருந்தாள், வெளியே வரவில்லை.

“அண்ணாச்சி, ஒரே ஒரு வரிதான். தெரியாம நடந்துபோச்சு, மன்னிக்கணும்னு பிள்ளை எழுதிக் குடுத்துட்டா, மேடம் அதை ஃபைல்ல வச்சிட்டு மார்க்கை ஏத்தி விட்டிருவாவ. இருபத்தெட்டாந்தேதி பொதுத்தேர்வு. நிம்மதியாப் போய் எழுதட்டும்” என்றார்.

“சார், நீங்க பாத்தத நீங்க எழுதலையே” என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். “ஜூன்ல எனக்கு டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் அண்ணாச்சி. பொண்டாட்டி பிள்ளைய தென்காசில கெடக்காவ. மேடம் முகத்த முறிச்சிக்கிட்டு நான் எங்க போக?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பிள்ளைக்கு மூன்று வயது. கைப்பேசியில் படம் காட்டியிருக்கிறார். அன்று மாலை அவர் சொன்னவற்றில் சரிபார்க்கத்தக்கது அது ஒன்றுதான்.

உள்ளேயிருந்து, “அப்பா, நான் எழுத மாட்டேன்” என்று மகள் சொன்னாள். என் மனைவி, “எழுதாட்டா என்ன இப்ப? ஒரு வருசம் ஆட்டுக்குப் பின்னால போனா பிள்ளை தேஞ்சா போயிருவா?” என்றாள். அந்த வீட்டில் அன்று இருந்த நால்வரில் இருவர் தெளிவாக இருந்தார்கள்.

நான் எழுதினேன். ஹரிஹரசுதன் அவர்கள் சொல்லச் சொல்ல, என் மகளின் பெயரில், அவள் கையெழுத்து மாதிரியே எழுதினேன். ஒரு வரி என்றது ஐந்து வரியாக வளர்ந்தது. ‘சோப்பு நீரைக் கலந்துவிட்டேன்’ என்ற இடத்தில் பேனா நின்றது. “அது ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான் அண்ணாச்சி” என்றார். எழுதி, ‘மா. இந்துஜா’ என்று கையொப்பமும் இட்டேன். மறுநாள் தேதியையும் அவரே சொன்னார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

8. எட்டு நாள் கழித்து, பார்வை 3-இல் கண்ட அறிக்கையின் நகல் கிடைத்தது. ‘மாணவி தம் கைப்பட எழுதிய ஒப்புதல் கடிதத்தின் அடிப்படையில் குற்றம் ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிறது, செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை ரத்து செய்யலாம்’ என்று அதில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக்காகக் கேட்டு வாங்கிய கடிதம், வழியில் எங்கோ ஒப்புதல் வாக்குமூலமாக வளர்ந்துவிட்டிருந்தது. செய்முறைத் தேர்வு போனால் அறிவியல் பாடம் போகிறது. அது போனால் பத்தாம் வகுப்பே போகிறது. கோவில்பட்டியில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் சேர அவள் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள்.

அறிக்கையின் கடைசி வரி, ஆய்வகத்தின் காலாவதியான வேதிப்பொருட்கள் அனைத்தும் 21.03.2025 அன்று அகற்றப்படும் என்கிறது. எட்டு ஆண்டுகளாக ஒரு சொட்டுக்கும் காவல் போட்ட பாட்டிலுக்கு, அதனுள் இருப்பது என்ன என்று ஒருத்தி கேட்ட மாதத்திலேயே காலாவதி தேதி வந்துவிட்டது.

அன்றே பள்ளிக்குச் சென்றேன். தலைமையாசிரியை அவர்கள், “ஒங்க பிள்ளையே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தப்புறம் நான் என்னங்க செய்ய முடியும்? எனக்கும் வருத்தம்தான்” என்றார். அவர் வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். அக்கடிதத்தை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தவர் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். முந்தைய நாளின் தாள் காலையிலேயே கிழிக்கப்பட்டிருந்தது. பதினோராம் தேதி ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது.

9. எனவே தங்களிடம் கோருவது:

(அ) அந்தப் பாட்டிலை 21.03.2025-க்கு முன் கைப்பற்றி முத்திரையிட வேண்டும். என் மகள் சார்பில் இருக்கும் ஒரே சாட்சி அது. அதற்குப் பேசத் தெரியாது. ஆனால் இடமாறுதலும் கேட்காது.

(ஆ) வேறு பள்ளியிலிருந்து கொண்டுவந்த வேதிப்பொருட்களைக் கொண்டு, தங்கள் முன்னிலையில் அதைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவள் என் மகளாக இருந்தால் நல்லது. அமிலம் என்று வந்தால் அவள் அதையே எழுதிக் கையொப்பமிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

(இ) பார்வை 2-இல் கண்ட கடிதம் என் மகள் எழுதியதல்ல. நான் எழுதியது. அதிலுள்ள கையொப்பம் நான் இட்ட போலிக் கையொப்பம். அதை நீக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க என் கையெழுத்து இம்மனு முழுவதும் இருக்கிறது. இதற்குச் சட்டப்படி என் மீது நடவடிக்கை உண்டெனில் எடுத்துக்கொள்ளவும்; மறுக்க மாட்டேன்.

(ஈ) இசக்கிபாண்டி அவர்களின் வேலைக்கு இதனால் தீங்கு வரக் கூடாது. இவ்விவகாரத்தில் கேட்டதற்கு உள்ளதைச் சொன்ன ஒரே ஊழியர் அவர்.

ஹரிஹரசுதன் அவர்கள் மீது என்ன நடவடிக்கை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு இடமாறுதல் கிடைக்கட்டும். போகும் முன் அந்த வாக்குமூலத்தை ஒருமுறை தம் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் போகட்டும். நான் தம் பிள்ளைகள் என்றது சனிக்கிழமைப் பிள்ளைகளை.

10. இம்மனுவை அனுப்புமுன் என் மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு வாரமாக அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. முழுவதும் வாசித்தாள். ஹரிஹரசுதன் அவர்களைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு சொல்லை அடித்தாள். அச்சொல் இப்போது இதில் இல்லை. என்னைப் பற்றி எழுதியிருந்த எதையும் அடிக்கவில்லை.

கீழே அவள் கையொப்பத்துக்கு இடம் விட்டு, பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

“ஏற்கெனவே எம்பேர்ல ஒரு கையெழுத்து அங்கன கெடக்குல்லாப்பா? மொதல்ல அத எடுத்துட்டு வாங்க. பொறவு நான் போடுதேன்” என்றாள்.

எடுத்துத் தரும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. இருபத்தொன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.

இணைப்பு: சனிக்கிழமைச் சோதனை நோட்டின் ஒரு பக்கம் (நகல்), பார்வை 1, 3 கடிதங்களின் நகல்கள். பார்வை 2-இன் நகல் என்னிடம் இல்லை. மூலம் பள்ளியில் உள்ளது.

இடம்: சின்னமுத்தையநத்தம்
நாள்: 17.03.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சு. மாயகிருஷ்ணன்
– என் கையால், என் பெயரில்.

மாணவி கையொப்பம்: